கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறவர் கத்தியை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி இது: சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் பக்கம் கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே, மேலே உட்காரும் வகைக் கயாக்கில் போய்த் தூண்டில் போடத் தொடங்கியிருக்கிறேன். பாதுகாப்புக்குக் கத்தி கட்டாயம் என்கிறார்கள். எந்த மாதிரிக் கத்தி வாங்குவது, எங்கே வைப்பது, இரை வெட்டும் கத்தியே போதாதா?

கத்தி வேண்டும். இரை வெட்டும் கத்தி போதாது. இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியிலோ, கயாக்கின் பக்கத்திலோ செருகி வைத்தாலும் சரிவராது. லைஃப் ஜாக்கெட்டின் மேல், எந்தக் கை சும்மா இருந்தாலும் அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கவிழ்ந்தால் நீங்கள் ஒரு பக்கம், கயாக் ஒரு பக்கம் போய்விடும். அப்போது உங்களோடு இருப்பது உடம்பில் இருப்பது மட்டும்தான்.

கத்தி எதை அறுக்கப் போகிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். அது அறுக்கப்போவது கயிற்றையும் தூண்டில் நரம்பையும். உங்கள் கயாக்கில் எத்தனை கயிறு இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நங்கூரக் கயிறு 30 மீட்டராவது இருக்கும். காற்றில் அடித்துப் போகாமல் இருக்கக் கடலில் விடுகிற துணிக்குடைக்கு ஒரு கயிறு. துடுப்புக்கு ஒரு கட்டுக்கயிறு, தூண்டில் கோல், அதாவது ராடு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பிடித்த மீனைக் கோத்துத் தொங்கவிட ஒன்று. ரீல் ஒவ்வொன்றிலும் 200, 300 மீட்டர், பல இழை பின்னிய பிரெய்டு நரம்பு. இவ்வளவும் உங்கள் காலைச் சுற்றி ஒரு மீட்டர் இடத்துக்குள் கிடக்கிறது. கயாக் கவிழ்ந்த அடுத்த நொடி எல்லாம் அவிழ்ந்து உங்களைச் சுற்றித்தான் மிதக்கும். பாலிபுரொப்பிலின் கயிறும் பிரெய்டு நரம்பும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை, மேலேயே கிடந்து காலைச் சுற்றும். நைலான் மூழ்கும். நங்கூரத்துக்கு நைலான் கயிறு வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே முதல் வேலை கயிற்றைக் குறைப்பது. இன்று நங்கூரம் போடப் போவதில்லை என்றால் அந்தக் கயிறு கரையிலேயே இருக்கட்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகும்போதும் திரும்பி வரும்போதும் துடுப்புக் கட்டு, ராடு கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்து, ராடுகளைப் படுக்க வைத்துக் கட்டிவிடுங்கள். அலைக்குள் கவிழ்ந்தால், கட்டுக்கயிற்றால் உங்களோடு பிணைந்திருக்கும் கயாக் அடுத்த அலையில் உங்கள் மேலேயே வந்து விழும். தண்ணீர் குடித்த 30 கிலோ கயாக்கை அலை தூக்கி எறிந்தால் அதைக் கையால் தடுக்க முடியாது.

நங்கூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கத்தி மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நங்கூரக் கயிற்றை இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடியில் கட்டிவிடுகிறார்கள். கைக்கு எட்டும், வசதியாக இருக்கும். ஆனால் நீரோட்டம் பிடித்ததும் கயாக் ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நிற்கும். 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பக்கம் முழுவதும் ஓட்டத்தை வாங்கும். கயிறு அந்தப் பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்க, ஓடி வரும் நீர் அதே விளிம்பின் மேல் ஏறும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். அதனால்தான் அரை மணி நேரம் அமைதியாக நின்றிருந்த கயாக் ஒரே நொடியில் புரண்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முட்டுக்காடு முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், வற்று நீர் வெளியே ஓடும் நேரத்தில் அங்கே நங்கூரம் போடவே கூடாது.

வேறு இடங்களில் போடுவதானால் இழுவை முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோதான் வர வேண்டும். இதற்குக் கயாக்கின் பக்கவாட்டில் ஒரு சுற்றுக்கயிறு அமைப்பார்கள். முன்முனையில் ஒரு சின்னக் கப்பி, பின்முனையில் ஒன்று, இரண்டையும் சுற்றி ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வளையத்தை முனைக்குத் தள்ளிவிடலாம். நங்கூரக் கயிற்றின் இந்தப் பக்கத்து நுனியை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். பல் வைத்த பிடிப்பானில் அழுத்தி விடுங்கள், இழுத்தால் கழல வேண்டும். நுனியில் ஒரு மிதவை இருக்கட்டும். ஆபத்து என்றால் கயிற்றை மிதவையோடு விட்டுவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

பாறையில் மாட்டிக்கொள்ளும் நங்கூரத்துக்கும் வழி இருக்கிறது. 1.5 கிலோ மடக்கு நங்கூரத்தின் சங்கிலியைத் தலை வளையத்தில் கட்டாமல், அடிப்பக்கத்து ஓட்டையில் கட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து தலை வளையத்தோடு ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையால் பிணையுங்கள். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது டை அறுந்து நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். இதையெல்லாம் செய்த பிறகும் கயிறு பிடிப்பானில் இறுகிக் கழலாமல் போகலாம். விளிம்பு தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கிவிட்டால் யோசிக்க நேரம் இல்லை. உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு, பிடிப்பானுக்கு வெளியே விறைத்து நிற்கும் கயிற்றின் மேல் கத்தியை வைத்து, கூர் வெளிப்பக்கம் பார்க்க ஒரே இழுப்பு. விறைத்த கயிறு சட்டென்று அறும். நங்கூரம் போனால் போகட்டும்.

நம் கரையில் இன்னொரு ஆபத்து தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை. வெளிநாட்டு அறிவுரைகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் என்று எந்தக் குப்பத்துக்கு முன்னாலும் கரையோரம் செவுள் வலை விட்டிருப்பார்கள். தெர்மாகோல் துண்டோ, காலி பிளாஸ்டிக் கேனோ, கறுப்புக் கொடியோதான் அடையாளம். அலைக்கு நடுவே கயாக்கில் தாழ உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வலை இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் தொழில் செய்துகொண்டுதான் இருக்கும். அறுந்து ஆளில்லாமல் மிதந்து திரியும் வலைகளும் உண்டு.

வலையின் மேல் கயாக் ஏறிவிட்டால் மிதிக்கும் வகைக் கயாக்கில் முதலில் மிதிப்பதை நிறுத்தி, மிதியமைப்பை மேலே தூக்குங்கள். சுக்கானையும் தூக்குங்கள். துடுப்பை வலைக்குள் விடாமல், கையால் மிதவைக் கயிற்றை அழுத்திக் கயாக்குக்கு அடியில் தள்ளினால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அந்த வலை ஒருவருடைய அன்றாடச் சோறு. கயாக் மாட்டியிருக்கிறது, ராடு மாட்டியிருக்கிறது என்பதற்காக அதை அறுப்பது நியாயம் இல்லை. ஆள் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு கணம்கூடத் தயங்காமல் அறுக்க வேண்டும். கரைக்கு வந்ததும் அந்தக் குப்பத்தில் விசாரித்து வலைக்காரரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

தண்ணீருக்குள் வலையில் மாட்டியவர் செய்யும் பெரிய தவறு உதைப்பது. உதைக்க உதைக்கக் கண்ணிகள் கால் விரலிலும் செருப்பின் வாரிலும் சுற்றும். காலை அசைக்காமல் லைஃப் ஜாக்கெட் உங்களைத் தூக்கிப் பிடிக்க விடுங்கள். ஒரு கையால் கயாக்கைப் பிடியுங்கள். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று தடவிப் பாருங்கள். மாட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம், அதாவது வலைப் பக்கத்தில், ஒரு பிடி கண்ணியைச் சேர்த்து இழுத்து விறைப்பாக்கி அறுங்கள். தொங்கிக் கிடக்கும் தங்கூசியைக் கத்தி தள்ளிக்கொண்டே போகும், அறுக்காது. விறைப்பு இருந்தால்தான் அறும். காலில் ஒட்டியிருக்கும் மிச்ச வலையைக் கரையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். தோலோடு ஒட்டியதைத் தண்ணீருக்குள்ளேயே அறுக்கப் பார்ப்பதில்தான் தொடையிலும் கணுக்காலிலும் வெட்டு விழுகிறது.

மூன்றாவது, கையில் சுற்றும் நரம்பு. மீன் கயாக்குப் பக்கத்தில் வந்ததும் லீடரை, அதாவது முள்ளுக்கு முன்னால் வரும் நுனி நரம்பை, கையால் பிடித்து இழுப்போம். ஈரமான பிரெய்டு வழுக்குகிறது என்று உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்றுப் போடுவோம். அந்த நேரத்தில் ஒரு பெரிய பாறை மீனோ திருக்கையோ திரும்பிப் பாய்ந்தால், அந்த ஒரு சுற்று தோலுக்குள் இறங்கி இறுகும். 50 பவுண்டு நரம்பு என்றால் 22 கிலோவுக்கு மேல் தாங்கும், கையால் அறுக்கவே முடியாது. கயாக் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். இப்போது ஒரு கை நரம்பில், சும்மா இருப்பது மற்றக் கை மட்டும். அது பெரும்பாலும் இடது கையாக இருக்கும். இதனால்தான் கத்தியை இரண்டு கைக்கும் எட்டும்படி வைக்கச் சொல்கிறோம். நரம்பைக் கையில் சுற்றவே கூடாது என்பது முதல் பாடம். சுற்றிவிட்டால், கைக்கும் மீனுக்கும் நடுவில், கையிலிருந்து ஒரு முழம் தள்ளி கத்தியைத் தொட்டால் போதும். விறைத்த பிரெய்டு தொட்டதும் தெறிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இனி கத்தி. மடக்குக்கத்தி வேண்டாம். நம் கடல் உப்பும் மணலும் ஒரு மாதத்தில் அதன் அச்சில் இறங்கிவிடும், பிறகு ஒரு கையால் திறக்காது. நிலையான அலகு உள்ள, உறையில் செருகும் கத்திதான் சரி. அலகு 7 முதல் 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதைவிட நீளமானால் நெஞ்சில் நீட்டிக்கொண்டு நிற்கும், கயாக்கில் திரும்ப ஏறும்போது இடிக்கும். நுனி மொட்டையாக இருக்க வேண்டும். இதில் பலருக்குச் சம்மதம் இருக்காது, கூர் நுனி இல்லாத கத்தி கத்தியா என்பார்கள். அலையில் ஆடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உங்கள் காலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் அலகை நுழைக்கப் போகிறீர்கள். மொட்டை நுனி தோலின் மேல் வழுக்கிப் போகும், கூர் நுனி குத்தும். காற்றடைத்த கயாக் வைத்திருப்பவர்களுக்கும், காற்றால் உப்பும் லைஃப் ஜாக்கெட் போடுகிறவர்களுக்கும் சொல்லவே வேண்டாம்.

அலகில் பாதி நேரான கூர், பிடிக்குப் பக்கத்துப் பாதி ரம்பப்பல் என்ற அமைப்பு நல்லது. ஈரமான தடித்த கயிற்றை ரம்பப்பல் கவ்வி அறுக்கும். பிரெய்டு, தங்கூசி, லைஃப் ஜாக்கெட் வார் போன்றவற்றுக்கு நேரான கூர் வேண்டும். முழுவதும் பல் வைத்த கத்தி வலைக் கண்ணியில் சிக்கிக்கொண்டு நிற்கும். பிடி பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோ ஆக இருக்கட்டும், கறுப்பு வேண்டாம். குளிர் நாடுகளில் விறைத்த விரலைத்தான் பெரிய பிரச்சினை என்பார்கள். நமக்கு அது இல்லை. நமக்குப் பிரச்சினை சன்ஸ்கிரீனும் மீன் கோழையும். வங்கடையும் கெளிறும் பிடித்த கையில் பளபளப்பான பிளாஸ்டிக் பிடி நிற்காது. ரப்பர் ஒட்டிய, விரல் வழுக்கி அலகுக்குப் போகாமல் தடுக்கும் தடுப்பு உள்ள பிடியாகப் பார்த்து வாங்குங்கள்.

எஃகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் கடல் நீரில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். உறைக்குள் தங்கும் உப்புநீருக்குக் காற்று படாததால் எஃகின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. வெளியே பளபளக்கும் கத்தி உறைக்குள்ளேயே அரித்துப்போவது இதனால்தான். கார்பன் குறைவான 420 வகை எஃகு துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். 440சி கூரை அதிக நாள் வைத்திருக்கும், துரு கொஞ்சம் சுலபமாகப் பிடிக்கும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால்ட் வரிசைக் கத்திகளில் முன்பு வந்த எச்1 எஃகில் கார்பன் மிகக் குறைவு, அது கடலில் துருப்பிடிப்பதே இல்லை எனலாம், விலைதான் அதிகம். டைட்டானியமும் துருப்பிடிக்காது, ஆனால் கூர் தங்காது. வாராவாரம் கடலுக்குப் போய், வந்ததும் கழுவித் துடைக்கிறவருக்கு 420 தாராளமாகப் போதும். என்ஆர்எஸ், கெர்பர் போன்ற நிறுவனங்கள் இதே தேவைக்கென்றே மொட்டை நுனியும் பூட்டுள்ள உறையும் கொண்ட கத்திகள் செய்திருக்கின்றன. ஸ்வீடனின் மோரா கத்தி அருமையான கத்தி, ஆனால் நுனி கூரானது, உறையும் வெறும் இறுக்கத்தில் நிற்பது. அதை இரை வெட்ட வைத்துக்கொள்ளுங்கள், கார்பன் எஃகு வகையை விட்டுவிட்டுத் துருப்பிடிக்காத வகையாக வாங்குங்கள்.

இரை வெட்டும் கத்தி வேறு, உயிர் காக்கும் கத்தி வேறு என்று பிரிப்பது இதற்காகத்தான். இறால் ஓடும் மீன் முள்ளும் கூரை மழுக்கும். இரை வெட்டிய கத்தி உறைக்குத் திரும்பாமல் பலகை மேல் கிடக்கும், கவிழ்ந்தால் அது கடலடிக்குப் போகும். நெஞ்சில் இருக்கும் கத்தியால் எலுமிச்சம்பழம்கூட வெட்டக் கூடாது.

கத்தியைவிட உறை முக்கியம் என்று சொன்னால் மிகையில்லை. கடினமான பிளாஸ்டிக் உறை, விரலால் அழுத்தினால் விடுகிற பூட்டு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. வாங்கும்போது கத்தியோடு உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாகப் பத்துத் தடவை உதறிப் பாருங்கள். ஒரு தடவை வெளியே வந்தாலும் அந்த உறை வேண்டாம். நல்ல லைஃப் ஜாக்கெட்டில் முன்பக்கம் மேலே, இரண்டு நீண்ட பிளவுகள் கொண்ட ஒரு சின்னச் சதுரப் பட்டை தைத்திருக்கும். உறையின் பின்பக்கத்துக் கவ்வியை அந்தப் பிளவுகள் வழியாக விட வேண்டும். அதன் பிறகும் ஆடினால் இரண்டு ஜிப் டை போட்டு இறுக்குங்கள். டையின் வெட்டிய முனையை நெருப்பில் காட்டி மழுக்காவிட்டால் அது முகவாயைக் கிழிக்கும்.

இடம், நெஞ்சின் மேல் பாகத்தில் ஜிப்புக்குப் பக்கத்தில். வயிற்றுப் பக்கம் வைத்தால் கவிழ்ந்த கயாக்கின் மேல் குப்புற ஏறும்போது விளிம்பில் உரசி உறையோடு பிய்ந்துபோகும், இல்லையென்றால் கயிற்றில் மாட்டி உங்களைக் கீழேயே நிறுத்தும். தோளில் மிக மேலே வைத்தால் அந்தப் பக்கத்துக் கைக்கு எட்டாது. கணுக்காலில் கட்டுவது மூழ்குகிறவர்களைப் பார்த்து வந்த பழக்கம். கயாக்கில் மாட்டப்போவதே கால்தான். பிடி கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போது உருவும்போது அலகு முகத்தை விட்டு விலகி வெளியே வரும். பிடி மேலே இருந்தால் கத்தி கழுத்துப் பக்கமாக வெளிவரும்.

கத்திக்குக் கயிறு கட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அலைக்குள் கையிலிருந்து நழுவினால் உருவிய கத்தி கயிற்றின் நுனியில் உங்கள் உடம்பைச் சுற்றி வீசும். கயிற்றிலிருந்து விடுபடத்தான் கத்தி, அதற்கே ஒரு கயிறு கட்டுவது சரியல்ல. அறுத்து முடித்த பிறகு கரடுமுரடான தண்ணீரில் கத்தியை உறைக்குள் திரும்பச் செருகப் பார்த்துத்தான் பலரும் கையை வெட்டிக்கொள்கிறார்கள். நிதானமாகச் செருக முடியாது என்றால் கையை விரித்துக் கீழே விட்டுவிடுங்கள். உங்களால் மனசார விட முடியாத விலையில் கத்தி வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

கத்தி ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகாது. ஆம்புலன்ஸில் துணி வெட்டப் பயன்படுத்துகிற வளைந்த கத்தரிக்கோல், மருந்துக்கடைகளிலும் மருத்துவப் பொருள் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். கீழ் நுனி மொட்டையாக இருப்பதால் தோலை ஒட்டி நுழைத்தாலும் கீறாது. தங்கூசி வலைக்கும் தொய்வான பிரெய்டுக்கும் கத்தியைவிட இதுவே மேல், விறைப்பு இல்லாமலும் வெட்டும். லைஃப் ஜாக்கெட் பையில் ஒன்று போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அச்சு துருப்பிடிக்கும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் எஃகுக் கம்பி லீடர் போடுகிறீர்கள் என்றால் அதைக் கத்தி அறுக்காது. அதற்கும், மும்முனைத் தூண்டில் முள்ளுக்கும் ஒரு வெட்டுக்குறடு வேண்டும். செயற்கை இரையான லூரில் உள்ள மும்முனை முள்ளில் ஒன்று மீன் வாயிலும் இன்னொன்று உங்கள் கையிலும் ஏறினால், மீன் துள்ளும் ஒவ்வொரு துள்ளலும் உங்கள் சதையில்தான் நடக்கும். அப்போது முள்ளின் தண்டை வெட்டி மீனைப் பிரிப்பதுதான் முதல் வேலை. முள்ளைப் பிடுங்குவது கரையில். சாதாரண எலக்ட்ரீஷியன் குறடு தடித்த கடல் முள்ளில் பல் போய்விடும். ஒரு கையால் அழுத்தக்கூடிய சின்ன போல்ட் கட்டர் வாங்கி, நீங்கள் பயன்படுத்துவதிலேயே தடித்த முள் ஒன்றை வீட்டில் வெட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கயாக்கில் கட்டி வைக்கலாம், மிதக்காது.

பழகாத கத்தியை நம்ப முடியாது. கரையில் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் பத்துத் தடவை, இடது கையால் பத்துத் தடவை உருவிச் செருகுங்கள். இடது கையில் தடுமாறினால் உறையை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். பிறகு 6 மில்லிமீட்டர் கயிறு, ஒரு அங்குல வார், பிரெய்டு, பழைய வலைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டுபோய், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அறுத்துப் பாருங்கள். கயிறு இரண்டு மூன்று இழுப்பில் அற வேண்டும். அதற்கு மேல் போனால் தீட்ட வேண்டிய நேரம். கடைசியாக, கத்தி நெஞ்சில் இருக்கும்போதே கயாக்கைக் கவிழ்த்துத் திரும்ப ஏறிப் பாருங்கள். கவிழ்த்துப் பார்க்காமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போவது சரியல்ல, கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பராமரிப்பு ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு முறையும் வந்ததும் கத்தியை உருவி, கத்தியையும் உறையின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனியே நிழலில் காய வையுங்கள். வெயிலில் கிடந்தால் உறையின் பிளாஸ்டிக் வெடிக்கும், பூட்டு தளரும். காய்ந்ததும் அலகில் மினரல் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். நேரான கூரை 1000 எண் சாணைக்கல்லில் சுமார் 20 டிகிரி சாய்வில் பக்கத்துக்கு ஆறேழு இழுப்பு. ரம்பப்பல்லைத் தட்டைக் கல்லில் தேய்த்தால் பல் போய்விடும். கூம்பு வடிவ வைரக்கோல் கொண்டு ஒவ்வொரு பல்லாக, சரிவு உள்ள பக்கத்தில் மட்டும் தீட்ட வேண்டும்.

கை வெட்டிக்கொண்டால் துணியை மடித்து வைத்து இறுக்கி அழுத்தி, இடையில் திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் பிடியுங்கள். அதற்கு ஒரு ரோலர் பேண்டேஜ் நனையாத பையில் இருக்க வேண்டும். கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். வெப்பமான கடலில் வாழும் சில கிருமிகள் சின்னக் காயம் வழியாகவும் உள்ளே போய்ப் பெரிய தொல்லை தரும். மறுநாள் கை சிவந்து வீங்கினால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சட்டம் பற்றியும் சிலருக்குப் பயம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் கூரிய ஆயுத வகையில் வருகிற கத்தி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டது. 3 அங்குல மொட்டைக் கத்தி அதற்குள் வராது. ஆனாலும் கடற்கரைச் சாலையில் நெஞ்சில் கத்தியோடு டீக்கடையில் நிற்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டிலிருந்து உறையோடு கழற்றி, துடுப்பும் ராடும் இருக்கிற சாமான்களோடு பையில் வைத்துக்கொண்டு போங்கள். கயாக்கைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன் திரும்ப மாட்டி, பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். விமானத்தில் போவதானால் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.